கதை கேட்டவர்

இந்தப் பொங்கலுக்கும் அதே சண்டைதான். கல்லூரியில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஆறு பேர் வருடத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவோம். சாப்பாடு முடிந்து பாய் விரித்ததும் ஆளுக்கு ஐந்து பெயர் சொல்ல வேண்டும். தமிழ்த் திரையில் இதுவரை நடித்தவர்களில் முதல் ஐந்து பேர். இருபது வருடங்களாக என் பட்டியலில் பெரிய மாற்றம் ஏதும் இல்லை: சிவாஜி, ரங்காராவ், நாகேஷ், கமல், ரகுவரன். எம்.ஆர். ராதாவுக்கு இடமில்லையா என்று ஒருவன் கோபப்படுவான். சிவாஜி மிகை நடிப்பு என்று இன்னொருவன் ஆரம்பிப்பான். அதற்கு ஒரு மணி நேரம் போகும். பிறகு யாராவது ‘முதல் மரியாதை’ என்பார்கள், மிகை நடிப்புக்காரன் அடங்குவான், தூங்கப் போவோம். இப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

இந்த வருடம் என் முறை வந்தபோது முதல் பெயராக டி.எஸ். பாலையா என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவன், “சரி மாப்ளே, ரெண்டாவது யாரு, ஓ.ஏ.கே. தேவரா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். (ஓ.ஏ.கே. தேவரைக் கேலி செய்யவும் எனக்கு மனம் வரவில்லை என்பது வேறு விஷயம்.) பாலையா நல்ல நடிகர்தான், யார் இல்லை என்றது, ஆனால் முதலிடமா என்று கேட்டார்கள். அன்று இரவு என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பேச வேண்டிய இடத்தில் தடுமாறுவது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே உள்ள வியாதி. அதனால்தான் எழுதுகிறேன்.

காதால் பார்த்த படங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் மாரியம்மன் நோம்பி என்றால் சாட்டிய நாளிலிருந்தே மைக்செட் பாட ஆரம்பித்துவிடும். காலையில் சீர்காழி, எல்.ஆர். ஈஸ்வரி. மதியம் வெயில் ஏறியதும் மைக்செட்காரர் ‘திருவிளையாடல்’ வசனத்தைப் போட்டுவிட்டு வேப்பமரத்தடியில் படுத்துவிடுவார். தருமி புலம்புவதும், நக்கீரன் எதிர்த்து நிற்பதும் புளியமரத்து உச்சியில் கட்டிய குழாய் வழியாக ஊர் முழுக்கக் கேட்கும். நான் அந்தப் படத்தைத் திரையில் பார்த்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு முன்பே தருமி பேசும் ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் வரும். மூன்று மணி நேரப் படத்தை ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, காதுக்கு மட்டும் தருவார்கள். ‘ரத்தக்கண்ணீர்’ எனக்கு அப்படித்தான் அறிமுகம். ராதாவின் முகத்தை விடக் குரல் எனக்கு மூத்தது.

என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் சினிமாவைக் கண்ணுக்கு முன் காதால் பார்த்தவர்கள் என்று நினைக்கிறேன். அதனால் நல்ல நடிகன் என்றால் நன்றாகப் பேசுகிறவன் என்று யாரும் சொல்லித் தராமலே படிந்துபோனது. 1952-ல் ‘பராசக்தி’ நீதிமன்றக் காட்சி வந்தபோதே இது முடிவாகிவிட்டதோ என்னவோ. அந்த வசனத்தையோ கட்டபொம்மன் வசனத்தையோ மேடையில் பேசிக் கைதட்டல் வாங்கிய ஒரு பையன் இல்லாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இருந்திருக்காது.

எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் போட்டார்கள். நானும் நடித்தேன், ஜாக்சன் துரையாக. தேர்வு செய்யும்போதே தமிழையா, “உனக்கு வசனம் வராது, நீ சும்மா நில்லு போதும்” என்று சொல்லிவிட்டார். யாருடைய தாத்தாவோ வைத்திருந்த தொப்பியை என் தலையில் கவிழ்த்தார்கள். எதிரே என் வகுப்புப் பையன் வானம், மழை, வயல், நாற்று என்று ஒவ்வொன்றாக அடுக்கிக் கர்ஜிக்கிறான். கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. எனக்கு என் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. இடுப்பில் வைத்தேன், எடுத்தேன், தொப்பியைத் தொட்டேன். ஒரு கட்டத்தில் முன்வரிசையில் இருந்த என் பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். வெள்ளைக்காரத் துரை, தன்னை அவமானப்படுத்துகிறவனுக்கு எதிரே நின்றுகொண்டு, பெரியம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறான். இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் இருக்கிறது.

1959-ல் வந்த படத்தில் ஜாக்சன் துரையாக நின்றவர் சி.ஆர். பார்த்திபன். அந்தக் காட்சியைப் பற்றி எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கிறேன். சிவாஜியின் குரல், மூச்சு, புருவம் எல்லாம் பேசுவார்கள். அத்தனையையும் எதிரில் நின்று வாங்கிக்கொண்ட பார்த்திபனின் முகத்தை ஒருவரும் விவரித்துக் கேட்டதில்லை. நானும் அதைக் கவனித்ததில்லை, அதே வேடம் போட்டிருந்தும்.

சத்தம் இல்லாத தொலைக்காட்சி

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. கோயம்புத்தூரில் ஒரு மருத்துவமனை, இரண்டு கட்டில் போட்ட அறை. பக்கத்துக் கட்டிலில் வயதான ஒரு பாட்டி எட்டு மணிக்கே தூங்கிவிடுவார். அம்மாவுக்கு வலியில் தூக்கம் வராது. தொலைக்காட்சி இருந்தது. சத்தத்தை முழுவதும் அணைத்துவிட்டு வெறும் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, ஒரு பழைய பட அலைவரிசையில் ‘காதலிக்க நேரமில்லை’ போட்டிருந்தார்கள்.

அந்தப் படம் எங்கள் பக்கத்தில் கிட்டத்தட்ட குடும்பச் சொத்து. ஆழியாறில் எடுத்தது. 1964-ல் வெளியானது, ஸ்ரீதர் படம், வின்சென்ட்டின் வண்ண ஒளிப்பதிவு. படப்பிடிப்பைப் பார்த்ததாக அப்பா சொல்வார். அப்பா வால்பாறை வழித்தடத்தில் நடத்துநராக இருந்தவர். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கியவர் என்பதால் அவரிடம் கதைக்குப் பஞ்சமில்லை. அவர் சொல்லும் படப்பிடிப்புக் கதையில் நடுவில் ஒரு யானை வரும். அவருடைய எல்லாக் கதையிலும் யானை வரும்.

அந்தக் காட்சி வந்தது. எந்தக் காட்சி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் செல்லப்பா தன் அப்பா விஸ்வநாதனுக்குத் தான் எடுக்கப்போகும் படத்தின் திகில் கதையைச் சொல்கிற காட்சி. நாகேஷின் வாய் அசைந்ததுமே என் மண்டைக்குள் வசனம் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. சத்தம் இல்லாத குறையே தெரியவில்லை. கொஞ்ச நேரம் அப்படித்தான் போனது. அப்புறம் பக்கத்துக் கட்டில் பாட்டி இருமினார். நான் திரும்பிப் பார்த்தேன். மறுபடி திரையைப் பார்த்தபோது மண்டைக்குள் இருந்த ஒலிநாடா அறுந்துபோயிருந்தது. இப்போது எனக்கு முன்னால் சத்தமே இல்லாமல் இரண்டு பேர். ஒருவர் கையை வீசி, வாயைக் கோணி, என்னவோ செய்துகொண்டிருக்கிறார். அவர் என்ன சொல்கிறார் என்பது இன்னொருவர் முகத்தில் தெரிகிறது.

நாகேஷின் கை போகிற பக்கமெல்லாம் பாலையாவின் கண் போகிறது. உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு சுருங்கிக்கொண்டே வருகிறது. பயம் வந்ததும் நேரே பயந்துவிடவில்லை அவர். முதலில், மகனுக்கு முன்னால் அப்பன் பயப்படலாமா என்று ஒரு மிடுக்கு. அது மெல்ல நழுவுகிறது. எழுந்து போய்விடலாமா என்று ஒரு நினைப்பு ஓடுகிறது. ஆனால் அடுத்து என்ன ஆனது என்று தெரியாமல் எப்படிப் போவது? பயமும் ஆசையும் ஒரே முகத்தில் இழுத்துக்கொண்டு நிற்கின்றன. எஸ்டேட் முதலாளி, பணம் பணம் என்று அலைகிற மனிதர், பாட்டி மடியில் கதை கேட்கிற ஐந்து வயதுப் பிள்ளை ஆகிவிட்டார். இதற்கு அவருக்கு வசனம் என்று பெரிதாக எதுவும் இல்லை.

நான் நாற்பது தடவையாவது பார்த்த காட்சி இது. அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அம்மா சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார். தையல் இழுக்கும் என்பதால் தொடையைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பாலையாவைப் பாரும்மா” என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்தது போல. “நானெல்லாம் எப்பவும் அவரைத்தான் கண்ணு பார்ப்பேன். நாகேஷு சொல்றதுதான் காதுலயே விழுந்துருதே, அதைத் தனியா வேற பாக்கோணுமா?” என்றார்.

அன்றிலிருந்து

வீட்டுக்கு வந்த பிறகு பாலையா படங்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். சில படங்களைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். என் மனைவி ஒருநாள், “ரிமோட்ல ஏதாச்சும் கோளாறா?” என்று கேட்டாள்.

1936-ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய ‘சதிலீலாவதி’யில் தொடங்கியவர் பாலையா. எம்.ஜி.ஆரும் கலைவாணரும் திரைக்கு வந்த அதே படம். மறுவருடமே ‘அம்பிகாபதி’யில் பாகவதருக்கு வில்லன். அப்புறம் ‘வேலைக்காரி’, ‘தூக்குத் தூக்கி’, ‘மதுரை வீரன்’ என்று கெட்டவனாகவும் கோமாளியாகவும், இரண்டுமாகவும் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். நாடக மேடையிலிருந்து வந்தவர், குரலை இழுத்துப் பேசுவதில் அவருக்கென்று ஒரு ராகமே உண்டு. அதனால் அவர் பேசத் தெரியாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. பேசத் தெரிந்த ஒருவர் வாயை மூடிக்கொண்டு செய்த வேலையைத்தான் சொல்கிறேன்.

‘திருவிளையாடல்’ ஹேமநாத பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். மைக்செட்டில் எனக்குத் தெரிந்த ஹேமநாதர் ‘ஒருநாள் போதுமா’ பாடுகிறவர். அந்தக் குரல் பாலமுரளி கிருஷ்ணாவுடையது. அந்தக் கர்வத்தில் பாதி அவருக்குச் சேர வேண்டும், மீதிப் பாதி பாட்டெழுதிய கண்ணதாசனுக்கு. ஆனால் அதற்குப் பிறகு ராத்திரியில் விறகுவெட்டி ஒருவன் பாடுவதை அதே ஹேமநாதர் கேட்கிறாரே, அங்கே பாலையாவைத் தவிர வேறு யாரும் அவருக்கு உதவிக்கு இல்லை. ‘பாட்டும் நானே’ என்றதும் எனக்கு எப்போதும் டி.எம்.எஸ். குரலும், வீணையும் மிருதங்கமுமாக ஒரே திரையில் பல சிவாஜிகள் உட்கார்ந்திருக்கும் தந்திரக் காட்சியும்தான் நினைவுக்கு வரும். இப்போது பார்த்தால் அந்தக் கதையே கேட்கிறவரிடத்தில்தான் நடக்கிறது. இவ்வளவு நன்றாகப் பாடுகிறவன், தன்னோடு போட்டியிடப் போகும் பாணபத்திரரின் கடைசி மாணாக்கன் கூட இல்லை என்றால் குரு எப்படி இருப்பார் என்று ஹேமநாதர் நடுங்க வேண்டும். அவர் நடுங்கினால்தான் ஊரை விட்டு ஓடுவார், ஓடினால்தான் திருவிளையாடல். கடவுளே வந்து பாடினாலும் கேட்கிறவன் சரியாகக் கேட்கவில்லை என்றால் கதை நகராது. ஏ.பி. நாகராஜன் அந்த வேடத்துக்கு இவரைக் கூப்பிட்டதற்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

‘தில்லானா மோகனாம்பாள்’ இன்னும் ஒரு படி மேலே. அங்கே பாலையா தவில்காரர். ‘நலந்தானா’ பாட்டில் பத்மினி கேட்கிறார், சிவாஜி காயத்தோடு நாதஸ்வரத்தால் பதில் சொல்கிறார். நாதஸ்வர ஒலி மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களுடையது. இரண்டு பேருக்கும் நடுவில் உள்ளதெல்லாம் தெரிந்த மனிதர் பக்கத்தில் தவிலோடு உட்கார்ந்திருக்கிறார். அழுகை வருகிறது. ஆனால் தாளம் தவறக் கூடாது, கை நிற்கக் கூடாது. முகம் கலங்க, கை வேலையைப் பார்க்கிறது. பாட்டின் வலி எனக்கு முதலில் தெரிந்தது பத்மினியிடமோ சிவாஜியிடமோ இல்லை, இந்தத் தவில்காரரிடம்தான் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றுவதை எல்லாம் அப்போதே தோன்றியதாக நினைத்துக்கொள்கிறேனோ என்ற சந்தேகமும் இருக்கிறது.

கண் இப்படிப் பழகிவிட்டால் மற்றவர்களும் வேறு மாதிரி தெரிகிறார்கள். ‘படிக்காத மேதை’யில் ‘எங்கிருந்தோ வந்தான்’ என்று பாரதியின் வரிகளைச் சீர்காழி பாட, ரங்கனாக வரும் சிவாஜியை நினைத்து உருகும் ரங்காராவ். அந்தப் பெரிய உடம்பே கேட்டுக்கொண்டிருப்பது போல இருக்கும். அப்புறம் நாகேஷ். வாய்தான் அவர் ஆயுதம் என்று நம்பிக்கொண்டிருந்தவனுக்கு ‘மகளிர் மட்டும்’ பிணத்தை நினைவுபடுத்த வேண்டும். 1994-ல், அறுபது வயதில், ஒரு வார்த்தை பேசாமல், கண் இமைக்காமல், மற்றவர்கள் தன்னைத் தூக்கிப் போட்டு இழுத்துப் பிடிப்பதற்கெல்லாம் உடம்பை ஒப்புக்கொடுத்து அவர் சிரிக்க வைத்தார். கதை சொன்னவரும் லேசுப்பட்டவர் இல்லை. அந்த ஆழியாறு காட்சியில் அவர் பாலையாவைப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த சத்தத்தைப் போடுகிறார். இவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று அளந்துவிட்டுக் கொஞ்சம் ஏற்றுகிறார். அப்படியானால் அவரும்தானே கேட்டுக்கொண்டிருக்கிறார்?

மொட்டைமாடியில் இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, படத்தொகுப்பில் வேலை பார்க்கும் நண்பன் குறுக்கே வந்தான். “டேய், ரியாக்‌ஷன் ஷாட்டெல்லாம் எடிட்டர் போடற பிச்சைடா” என்றான். ரஷ்யாவில் நூறு வருடத்துக்கு முன்பே குலெஷோவ் என்பவர் செய்து காட்டியிருக்கிறார். எந்த உணர்ச்சியும் இல்லாத ஒரு நடிகனின் முகம். அதோடு சூப் கிண்ணத்தை ஒட்டினால் பசி என்கிறார்கள், சவப்பெட்டியை ஒட்டினால் துக்கம் என்கிறார்கள். முகம் ஒன்றுதான். பார்க்கிறவர்கள் தங்கள் மனசில் உள்ளதை அதில் ஏற்றிவிடுகிறார்கள். உன் பாலையாவும் அப்படித்தான் என்றான்.

இது நியாயமான அடி. பல படங்களில் பெரிய நடிப்பு என்று நாம் கொண்டாடுவது வெட்டி ஒட்டியவர் செய்த வேலையாக இருக்கலாம். ஆனால் ஒரே சட்டகத்துக்குள் இரண்டு பேரும் இருக்கும்போது என்ன செய்வது? அங்கே கத்தரிக்கு வேலை இல்லை. நாகேஷின் ஒவ்வொரு சத்தத்துக்கும் அதே நொடியில் பாலையா பதில் கொடுத்தாக வேண்டும். ஒத்திகையில் கேட்ட கதை, அடுத்து எந்த இடத்தில் கதவு கிறீச்சிடும் என்று தெரிந்த கதை. தெரிந்ததை எல்லாம் மறந்துவிட்டு முதல்முறை கேட்கிறவனாக உட்கார வேண்டும். பேசுகிறவனுக்குப் பிடித்துக்கொள்ள வசனம் இருக்கிறது. கேட்கிறவனுக்கு என்ன இருக்கிறது? தொப்பியைத் தொட்டுக்கொண்டு நின்ற எனக்கு இது தெரியும்.

நண்பன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அவனே ஒரு விஷயத்தை எடுத்துக் கொடுத்தான். 1966-ல் ஸ்ரீதரே இந்தப் படத்தை ‘ப்யார் கியே ஜா’ என்று இந்தியில் எடுத்தார். கதை சொன்னவர் மெஹ்மூத், கேட்டவர் ஓம் பிரகாஷ். இந்திக்காரர்களும் இந்தக் காட்சியை இன்றுவரை கொண்டாடுகிறார்கள். சிறந்த நகைச்சுவை நடிகருக்கான ஃபிலிம்ஃபேர் விருது அந்தப் படத்துக்காகக் கிடைத்தது, கதை சொன்னவருக்கு. “கேட்டவனுக்கு எவன்டா விருது கொடுத்திருக்கான்?” என்று சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். என் பக்கம் பேசினானா எதிர்ப்பக்கமா என்று தெரியவில்லை.

பொங்கல் முடிந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள், வீட்டுக்கு என் மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். புது ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அப்பா வால்பாறைக் கதையை எடுத்தார். கடைசிப் பேருந்து, மூடுபனி, வளைவில் முகப்பு விளக்கு வெளிச்சத்தில் சுவர் மாதிரி என்னவோ நிற்கிறது. என் சிறுவயதில் அது ஒன்பதாவது வளைவு. என் கல்யாணத்தின்போது பதினேழு. அன்று இருபத்து மூன்றாவது வளைவுக்கு ஏறியிருந்தது. மாமனாரும் மாமியாரும் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அம்மாவைப் பார்த்தேன்.

ஐம்பது வருடமாகக் கேட்கிற கதை. அம்மா சமையலறை வாசலில் நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தார். பனி வந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். டிரைவர் பிரேக் போட்ட இடத்தில் “ஐயோ” என்றார். சரியாக அங்கே, ஒரு நொடி முன்னுமில்லை, பின்னுமில்லை. அதைக் கேட்டதும் அப்பாவின் குரல் ஒரு படி இறங்கி ரகசியம் ஆனது. மாமியார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். “அப்புறம் என்னாச்சுங்க?” என்றார் அம்மா, கண்ணை அகல விரித்துக்கொண்டு. அப்பா யானையின் துதிக்கையைத் தூக்கினார்.

அந்த இடைவெளியில் அம்மா என் பக்கம் லேசாகச் சாய்ந்து, முகத்தில் இருந்த பயத்தைக் கொஞ்சமும் கலைக்காமல், உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டார்: “குக்கரு எத்தனை விசில் வந்துச்சு கண்ணு?”